டிவியிலிருந்து பின்னோக்கி: வீட்டு மீடியா சர்வருக்குக் குறைந்த செலவில் பெட்டி தேர்ந்தெடுத்தல்

இந்த அத்தியாயத்தை வாசித்து முடிக்கும்போது உங்கள் கையில் ஒரு வாங்கல் பட்டியல் இருக்க வேண்டும். அது அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது.

நம் தேவை இதுதான். கல்யாண சி.டி., காதுகுத்து டி.வி.டி., கோயில் கொடைக்கு எடுத்த வீடியோ, வெளியூர்ப் பிள்ளைகள் போனில் எடுத்து அனுப்பியவை, காசு கொடுத்து வாங்கிய படத் தட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வீட்டில் எந்த டிவியில் அமுக்கினாலும், எந்தப் போனில் தொட்டாலும் அங்கிருந்து ஓட வேண்டும். அந்த ஒரே இடம்தான் மீடியா சர்வர். அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. ஆடிக் காற்றில் ஃபைபர் அறுந்து கிடக்கும் நாளிலும், ரூட்டருக்கும் சர்வருக்கும் கரண்ட் இருந்தால் வீட்டுக்குள் படம் ஓடும்.

இதற்காகக் கடைக்குப் போகிறவர்களில் பலர் பிராசஸரில் பணத்தைக் கொட்டிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கையும் கரண்ட் பாதுகாப்பையும் மிச்சக் காசில் முடிக்கிறார்கள். அது தலைகீழான வரிசை. படத்தை ஓட்டும் வேலையில் பெரும்பங்கை உங்கள் டிவியே செய்துவிடும். அப்பாவின் குரல் பதிவான ஒரே டி.வி.டி.யைக் காப்பாற்றுவது டிஸ்க்கும் எர்த்தும்தான். அதனால் டிவியில் தொடங்கிப் பின்னோக்கி வருவோம்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் முடிக்க வேண்டியவை

1. வீடியோக்களை வகை பிரியுங்கள். 2000-களின் தொடக்கத்தில் நடந்த விசேஷம் என்றால் பெரும்பாலும் வி.சி.டி. கையில் இருக்கும், அதன் பிறகு டி.வி.டி.; அண்மை ஆண்டுகளில் பென்டிரைவ். போன் வீடியோவைத் தனி வகையாக வையுங்கள்.

2. இடத்தைக் கணக்கிடுங்கள். ஒரு வி.சி.டி.க்கு சுமார் 700 எம்.பி., ஒரு டி.வி.டி.க்கு 4.7 ஜி.பி. என்று போடுங்கள். போனில் எடுத்த 4கே வீடியோ, போனைப் பொறுத்து, மணிக்கு 10 முதல் 20 ஜி.பி. வரை பிடிக்கும். எந்த வீடியோவுக்கும் பொருந்தும் கணக்கு இது: நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜி.பி. என்று வந்துவிடும். வந்த மொத்தத்தை இரண்டால் பெருக்கி, அந்த அளவுக்கு டிஸ்க் வாங்குங்கள்.

3. வகைக்கு ஒரு வீடியோ வீதம் பென்டிரைவில் ஏற்றி, வீட்டு டிவியில் நேரடியாகச் செருகி ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடுவது பெரும்பாலும் சர்வர் வழியாகவும் ஓடும். படம் வந்து சத்தம் வராமல் போகலாம். சத்தம் வந்து படம் திக்கலாம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. ஓடாத வீடியோவைக் கம்ப்யூட்டரில் வி.எல்.சி. பிளேயரில் திறந்து, கோடெக் விவரம் காட்டும் பகுதியைப் பாருங்கள். எச்.264, எச்.265, எம்பெக்-2, ஏவி1 என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். எச்.265 என்றால் 8 பிட்டா, 10 பிட்டா என்பதையும் எழுதுங்கள். பிராசஸர் தேர்வு இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

5. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று எண்ணுங்கள். தனித்தனி டிவியில், தனித்தனிப் படம் என்பதுதான் கணக்கு. பெரும்பாலான வீடுகளில் விடை இரண்டைத் தாண்டாது.

குறிப்பு: 4 ஜி.பி.க்கு மேல் உள்ள வீடியோ பென்டிரைவில் ஏற மறுத்தால் பென்டிரைவ் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மட் செய்தால் ஏறும்.

டிவிக்குப் புரியாதபோது

டிவிக்குப் புரியும் வடிவத்தில் வீடியோ இருந்தால் சர்வர் அதை அப்படியே எடுத்து அனுப்பும். இதற்குப் பிராசஸர் வேலை ஏறக்குறைய இல்லை. புரியாவிட்டால் சர்வர் ஒரு பக்கம் விரித்து, மறுபக்கம் டிவிக்குப் புரியும்படி மறுபடி சுருக்கி, ஓட ஓட அனுப்ப வேண்டும். இதற்கு டிரான்ஸ்கோடிங் என்று பெயர். பெட்டியைத் திணறடிப்பது இது ஒன்றுதான்.

இந்த வேலைக்கென்றே இன்டெல் தன் பிராசஸரோடு ஒட்டிய கிராஃபிக்ஸில் ஒரு தனிப் பகுதி வைத்திருக்கிறது. குவிக் சிங்க் என்று பெயர். 2011-இல் இரண்டாம் தலைமுறையில் வந்தது. 6-ஆம் தலைமுறையில் எச்.265 சேர்ந்தது. 7-ஆம் தலைமுறையில் 10 பிட் எச்.265-ம் சேர்ந்தது. ஏவி1 வீடியோவை விரிக்கும் திறன் 11-ஆம் தலைமுறையில்தான் வந்தது. நீங்கள் எழுதி வைத்த கோடெக் பெயரை இந்த வரிசையோடு பொருத்திப் பாருங்கள். வேண்டிய தலைமுறை எது என்று தெரிந்துவிடும்.

சத்தத்தை மட்டும் மாற்றுவது லேசான வேலை; பழைய பெட்டியும் செய்யும். டிடிஎஸ் சத்தம் உள்ள படம் சில டிவிகளில் ஊமையாக ஓடுவதற்கு, அந்த டிவியில் டிடிஎஸ் வசதி இல்லாததுதான் காரணம். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து அதை நிறுத்திவிட்டது. இதற்காகப் புதிய பெட்டி வாங்க வேண்டாம். ஆனால் வசன வரிகள் எழுத்தாக இல்லாமல் படமாக உள்ள ப்ளூரே கோப்பு என்றால் கவனம்: அந்த வரிகளைப் படத்தின் மேல் பதித்து அனுப்ப, முழு வீடியோவையும் மாற்ற வேண்டி வரும்.

பழைய தட்டுகளுக்கு வேறு வழி

வி.சி.டி., டி.வி.டி. இரண்டையும் ஒவ்வொரு முறையும் சர்வர் மாற்றிக் கொடுக்கத் தேவையில்லை. ஒரே ஒரு முறை கம்ப்யூட்டரில் மாற்றி வைத்துவிட்டால் அந்த வேலை அதோடு தீர்ந்தது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும்.

1. தட்டை மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள்.
2. உள்ளே உள்ள கோப்புகள் எல்லாவற்றையும் முதலில் அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். நடுவில் நின்றுபோனால் இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் வாசிக்காத தட்டை வேறு டிரைவ் வாசிப்பது உண்டு.
3. நகலிலிருந்து எச்.264, எம்பி4 வடிவத்தில் மாற்றுங்கள். டி.வி.டி. வீடியோவுக்கு டீஇன்டர்லேஸ் என்பதை இயக்குங்கள். இல்லையென்றால் மணமகள் கை அசைக்கும்போது ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடு விழும்.
4. மாற்றியதை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். மூல நகலை அழிக்காதீர்கள்.

ஸ்டுடியோக்கள் எரித்துக் கொடுத்த தட்டுகள் அச்சடித்த பட டி.வி.டி.க்கள் போன்றவை அல்ல. அவற்றில் பதிவு நிற்பது ஒரு சாயப் படலத்தில். வெப்பத்திலும் ஈரத்திலும் அது மங்கும். சர்வர் வாங்க இன்னும் ஆறு மாதம் ஆகும் என்றாலும், நகலெடுக்கும் வேலையை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

எந்தப் பெட்டி?

*வீட்டில் கிடக்கும் லேப்டாப்*

தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் வாங்கிய அந்த லேப்டாப்கள் பல வீடுகளில் இன்று மூடியபடி கிடக்கின்றன. பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போயாயிற்று. லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று யாரும் தொடுவதில்லை. வீடியோவை அப்படியே எடுத்து அனுப்பும் சர்வராக இருக்க அதற்குத் தெம்பு உண்டு. திரை, கீபோர்டு தனியாக வாங்க வேண்டாம். பேட்டரி உயிரோடு இருந்தால் யு.பி.எஸ்.ஸும் வேண்டாம். டிவி சோதனையில் எல்லாம் ஓடியிருந்தாலோ, ஓடாதவற்றை ஹேண்ட்பிரேக்கில் மாற்றிவிட்டாலோ, இதற்கு மேல் எதற்கும் செலவு செய்யாதீர்கள்.

மாடல் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. ஆகவே உங்களுடையதைத் திறந்து பிராசஸர் பெயரையும் ராம் அளவையும் பாருங்கள். 4 ஜி.பி. ராம் வேண்டும், குறைவாக இருந்தால் ராம் மட்டும் கூட்டுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் மின்ட் அல்லது டெபியன் நிறுவுங்கள். அதன் மேல் ஜெல்லிஃபின். 2018 டிசம்பரில் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள் இது; நல்ல மாற்று என்று பேசப்படும் பிளெக்ஸில் பிராசஸரின் குவிக் சிங்க்கைப் பயன்படுத்தச் சந்தா கட்ட வேண்டும், ஜெல்லிஃபினில் வேண்டாம். நிறுவும் முறை அடுத்த அத்தியாயத்தில் வருகிறது.

அரசு முத்திரை உள்ள லேப்டாப் கடையில் விலைக்கு வந்தால் வாங்காதீர்கள். அது மாணவர் படிப்புக்குக் கொடுத்த பொருள். உங்கள் வீட்டில் இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள்.

எச்சரிக்கை: லேப்டாப்பை மேசை மேல் வைத்து, பக்கவாட்டில் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ பேட்டரி வீங்கிவிட்டது. உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்திச் சமப்படுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கழற்றும் வகைப் பேட்டரி என்றால் மெதுவாகக் கழற்றுங்கள். உள்ளே பொருத்திய வகை என்றால் சர்வீஸ் கடையில் எடுக்கச் சொல்லுங்கள். குப்பையில் போட வேண்டாம். நல்ல பேட்டரியாக இருந்தாலும், நாள் முழுக்க 100 சதவீதத்தில் நிற்பது அதற்குக் கேடு. 60 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

*ஆபீஸிலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட் சின்னப் பெட்டி*

லேப்டாப் இல்லாதவர்களுக்கும், டிரான்ஸ்கோடிங் கட்டாயம் தேவைப்படுகிறவர்களுக்கும் என் முதல் பரிந்துரை இதுதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இன்டெல் 7-ஆம் தலைமுறை வரை உள்ள பிராசஸர்கள், மிகச் சில விலக்குகளைத் தவிர, விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளை அலுவலகங்கள் கூட்டமாகக் கழிக்கின்றன. லினக்ஸ் போடப்போகும் நமக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதே 7-ஆம் தலைமுறையில்தான் 10 பிட் எச்.265 திறனும் இருக்கிறது.

கடையில் கேட்க வேண்டிய பெயர்கள்: டெல் ஆப்டிபிளெக்ஸ் 3050 மைக்ரோ, எச்.பி. எலைட்டெஸ்க் 800 ஜி3 மினி, லெனோவோ திங்க்சென்டர் எம்710கியூ டைனி. ஐ5-7500டி போல எண்ணுக்குப் பின் 'டி' இருந்தால் கரண்ட் குறைவாக இழுக்கும் வகை. இதே வரிசைகளில் 6-ஆம் தலைமுறைப் பிராசஸரும் வரும். விலை சற்றுக் குறைவு என்று அதை எடுத்துவிடாதீர்கள். பெயரில் 7-இல் தொடங்கும் எண் வேண்டும். டெஸ்க்டாப் பிராசஸர் வாங்குகிறவர்கள் எண்ணுக்குப் பின் 'எஃப்' இருந்தால் தவிர்த்துவிடுங்கள். அதில் கிராஃபிக்ஸே கிடையாது, ஆகவே குவிக் சிங்க்கும் கிடையாது.

4 டி.பி. அளவுக்கு டிஸ்க் வேண்டும் என்கிறவர்கள் மைக்ரோவை விட, அதே வரிசையின் எஸ்.எஃப்.எஃப். வடிவத்தைக் கேளுங்கள். கொஞ்சம் பெரிய பெட்டி, கரண்டும் சற்றுக் கூட. ஆனால் 3.5 அங்குல டிஸ்க் உள்ளேயே உட்காரும். வெளியே தொங்கும் இன்னொரு அடாப்டர் இருக்காது, இரவில் யாரும் தட்டிவிடவும் முடியாது.

*புதிதாகத்தான் வேண்டும் என்றால்*

இன்டெல் என்100 போட்ட மினி பி.சி. 2023-இல் வந்த நான்கு கோர் சிப், 6 வாட் வகை, ஏவி1-ஐயும் விரிக்கும். 8 ஜி.பி. ராம் போதும், 16-க்குப் போக வேண்டாம். இணையத்தில் வாங்கினால், வாரண்டி தருவது இந்தியாவில் முகவரி உள்ள நிறுவனமா என்று பாருங்கள்.

*தவிர்க்க வேண்டியவை*

ராஸ்பெரி பை 5 கையடக்கமாக இருக்கும், கரண்ட் மிகக் குறைவு. ஆனால் வீடியோவைச் சுருக்கும் வன்பொருள் அதில் இல்லை. அதற்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் தரும் தனி அடாப்டர் வேண்டும். அடாப்டர், டப்பா, கார்டு எல்லாம் கூட்டினால் செகண்ட் ஹேண்ட் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்கென்று வாங்காதீர்கள். பத்து வருடத்துக்கு முந்தைய பெரிய டவர் சும்மா கிடைத்தாலும் வேண்டாம்; காரணம் கரண்ட் கணக்கில் தெரியும்.

கடையில் சோதிக்கும் முறை

நம் ஊர் வாசுதேவநல்லூரிலிருந்து வடக்கே ராஜபாளையம், தெற்கே தென்காசி, நிறையப் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் திருநெல்வேலி அல்லது மதுரை. சென்னையில் ரிச்சி தெரு. எங்கே போனாலும், லினக்ஸ் மின்ட் ஏற்றிய ஒரு பென்டிரைவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். "அண்ணாச்சி, அரை மணி நேரம் இதை ஓட்டிப் பார்த்துக்கிடுதேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல கடைக்காரர் ஒரு ஸ்டூலையும் போட்டுத் தருவார். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

1. பெட்டியை ஆன் செய்து பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "அப்புறம் எடுத்துத் தருகிறேன்" என்பதை ஏற்க வேண்டாம்.
2. பென்டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்புங்கள். பிராசஸர் பெயர், ராம் அளவு இரண்டும் கடைக்காரர் சொன்னதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.
3. லேன் கேபிள் செருகி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.
4. ஒரு நீளமான வீடியோவை ஓட்டிவிட்டு, ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் ஃபேன் மாற்றித் தரச் சொல்லுங்கள்.
5. அடாப்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெட்டி எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி அடாப்டர் வேண்டும். டெல் பெட்டி வேறு அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.
6. எத்தனை நாள் செக்கிங் வாரண்டி என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

அடிக்கடி நடக்கும் தவறு: இந்தப் பெட்டிகள் சிலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கும். வீட்டு டிவியில் இருப்பது எச்.டி.எம்.ஐ. மாற்றும் கேபிளை அங்கேயே வாங்கிவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்: பணத்தை இங்கே போடுங்கள்

பெட்டி செகண்ட் ஹேண்டாக இருக்கலாம், டிஸ்க் இருக்கக் கூடாது. பட்ஜெட்டில் குறைந்தது பாதியை இதற்கு ஒதுக்குங்கள். எத்தனை டிஸ்க் என்றால் விடை இரண்டு: ஒன்று சர்வரில் எப்போதும் இருக்கும், மற்றொன்று நகலுக்கு.

2 டி.பி. வரை போதும் என்றால் யு.எஸ்.பி.யிலேயே கரண்ட் எடுக்கும் 2.5 அங்குல வெளி டிஸ்க் சரி. லேப்டாப் சர்வருக்கு இது மிகப் பொருத்தம். வீட்டில் கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியே டிஸ்க்கையும் சுழற்றும். அதற்கு மேல் 3.5 அங்குலம். இதை வாங்க சென்னைக்குப் போக வேண்டியதில்லை. சி.சி.டி.வி. மாட்டுகிறவர்களிடம் 24 மணி நேரமும் ஓடுவதற்கென்றே செய்த டிஸ்க் இருக்கும். சீகேட் ஸ்கைஹாக், வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள் என்ற பெயர்களில் வரும். வீடியோ சேமிக்க அவை நன்றாகவே பொருந்தும். புதிது மட்டும் வாங்குங்கள். கேமரா பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் ஏற்கெனவே இரவு பகலாக ஓடிக் களைத்தது.

வாங்கியதும் இந்த வரிசையில் சோதியுங்கள்:

1. மேலே ஒட்டியுள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு வாரண்டி தேதியைப் பாருங்கள். வாரண்டி இல்லை என்றோ, முடிந்துவிட்டது என்றோ காட்டினால் அன்றே திருப்பிக் கொடுங்கள்.
2. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதிய டிஸ்க்கில் பூஜ்யமோ அதற்கு மிக அருகிலோ இருக்க வேண்டும்.
3. ரீஅலோகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகளும் பூஜ்யமாக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை இதே இரண்டையும் பாருங்கள். பெண்டிங் செக்டர் எண் ஏறத் தொடங்கினால் அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.
4. முழு டிஸ்க்கையும் ஒரு முறை எழுதி, திரும்பப் படித்துச் சோதித்த பிறகே குடும்ப வீடியோவை ஏற்றுங்கள்.

இரண்டாயிரம் ரூபாய்க்கு 16 டி.பி. என்று இணையத்தில் வரும் எஸ்.எஸ்.டி. எல்லாம் போலி. உள்ளே சின்ன மெமரி கார்டு இருக்கும். நிறைந்த பிறகு பழைய வீடியோவின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். பட்டியலில் பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது.

நகல் டிஸ்க்கைச் சர்வரில் செருகியே வைக்காதீர்கள். ஒரே இடி இரண்டையும் எடுத்துவிடும். மாதம் ஒரு முறை நகலெடுத்து, பீரோவில் வையுங்கள். முடிந்தால் சங்கரன்கோவிலிலோ புளியங்குடியிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கரண்ட்

ஒரு சாதனம் விடாமல் ஓடினால், அதன் வாட் எண்ணை 1.44-ஆல் பெருக்குங்கள். 60 நாளில் எத்தனை யூனிட் என்று வந்துவிடும். நமக்கு இ.பி. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் இந்த ஒரு பெருக்கல் போதும்.

திரை அணைந்த லேப்டாப்போ, 'டி' வகை மினி பெட்டியோ, சும்மா இருக்கும்போது சுமார் 15 வாட் இழுக்கும். அது 22 யூனிட். பழைய டவர் ஒன்று 70 வாட் இழுத்தால் 101 யூனிட். 2016 மே முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகை முழுவதையும் டவர் ஒன்றே தின்றுவிடும். ஏற்கெனவே 450 யூனிட்டைத் தொடும் வீடு இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் மேலே ஏறிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்களிலும் ஒரு பகுதிக்கு விலை ஏறும். சும்மா கிடைத்த டவர், ஓரிரு ஆண்டில் மினி பெட்டியின் விலையைக் கரண்ட் பில்லாக வாங்கிவிடக்கூடும்.

அடுத்தது பாதுகாப்பு. நம்முடையது மலையடிவார ஊர். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று வீசும்போது கரண்ட் போய்ப் போய் வரும். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் இடி இறங்கும். பெட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் கரண்ட் போகும் நேரம் அல்ல, திரும்ப வரும் நேரம்.

1. எர்த்தை முதலில் சரிபாருங்கள். பெட்டியின் இரும்புப் பாகத்தைப் புறங்கையால் தொடும்போது சுரீர் என்றால் எர்த் இல்லை. வயரிங் செய்கிறவரை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நீங்களே ப்ளக் பாயிண்டைத் திறக்க வேண்டாம்.
2. மூன்று முள் ப்ளக்கின் பெரிய முள்ளை ஒடித்தோ, இரண்டு முள் கன்வெர்ட்டர் போட்டோ செருகாதீர்கள். எர்த் இல்லாமல் ஸ்பைக் பஸ்டர் இருந்தும் பயனில்லை.
3. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் 'யு.பி.எஸ். மோட்' என்ற ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். அதை இயக்கினால் கரண்ட் மாறும் இடைவெளி குறையும், பெட்டி அணைந்து எழாது. சைன் வேவ் வகை இன்வெர்ட்டராக இருப்பது நல்லது. இன்வெர்ட்டர் இல்லையென்றால், லேப்டாப் அல்லாத பெட்டிக்கு 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று கட்டாயம்.
4. இடி இடிக்கத் தொடங்கினால் சர்வரை முறையாக அணைத்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்குங்கள். லேன் கேபிளையும் பிடுங்குங்கள். ஃபைபர் இழையில் மின்சாரம் வராது. ஆனால் ஃபைபர் பெட்டியின் அடாப்டர் வழியாக வரும். மொட்டை மாடி வழியாக வேறு வீட்டுக்கு லேன் கேபிள் இழுத்திருந்தால் அந்த இணைப்பையே கைவிடுங்கள். இடி அருகில் வந்துவிட்டால் கேபிளைத் தொடாதீர்கள். போனால் பெட்டியோடு போகட்டும்.

எங்கே வைப்பது, எப்படி இணைப்பது

ரூட்டருக்குப் பக்கத்தில் வையுங்கள், சர்வரிலிருந்து ரூட்டருக்கு கேட்6 கேபிள் போடுங்கள். இந்த ஒரு இணைப்பு வைஃபையில் இருக்கவே கூடாது. பழைய வீடுகளின் தடித்த சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே தடுக்கும். கூடத்து டிவி திக்கினால் அதற்கும் கேபிள் இழுத்துவிடுங்கள். பல டிவிகளின் லேன் துளை 100 மெகாபிட் வேகம்தான். கவலை வேண்டாம்: டி.வி.டி. 10 மெகாபிட்டைத் தாண்டாது, போனின் 4கே வீடியோ பெரும்பாலும் 50-க்குள் அடங்கும்.

மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் வைக்காதீர்கள். சமையலறைச் சுவரோரம் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு ஃபேனில் படியும். தரையிலிருந்து மூன்றடியாவது உயரம் வேண்டும். நான்கு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்கள். எறும்பும் பல்லியும் வெதுவெதுப்பான பெட்டியைத் தேடி வரும். காற்றுத் துளையை அடைக்காமல், மெல்லிய நைலான் வலையை வெளிப்பக்கம் ஒட்டுங்கள். வலையை மாதம் ஒரு முறை கழற்றித் தூசி தட்டுங்கள். காற்றுக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

வாங்கும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம்.

1. முதலில் ஒரு டிஸ்க். தட்டுகளையும் போன் வீடியோக்களையும் அதில் நகலெடுங்கள்.
2. எர்த் வேலை, ஸ்பைக் பஸ்டர், தேவையானால் யு.பி.எஸ்.
3. இரண்டாவது டிஸ்க். முதல் டிஸ்க்கின் முழு நகல்.
4. வீட்டு லேப்டாப்பில் ஜெல்லிஃபின் போட்டு, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.
5. அந்த மாதத்தில் எந்த வீடியோ, எந்த டிவியில் திக்கியது என்று எழுதுங்கள். ஹேண்ட்பிரேக்கில் மாற்றியும் தீராத வீடியோ அந்தப் பட்டியலில் இருந்தால் மட்டும் 7-ஆம் தலைமுறைப் பெட்டிக்குப் போங்கள். பட்டியலில் உள்ளது ஏவி1 என்றால் என்100.

பெட்டி வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு டிவியில் இரண்டு வீடியோவை ஓடவிட்டு, சர்வரின் மெயின் ஸ்விட்சை அணைக்காமல் வீட்டுக்கு வரும் கரண்டை மட்டும் நிறுத்துங்கள். இன்வெர்ட்டரோ யு.பி.எஸ்.ஸோ தாங்கி, பெட்டி அணையாமல் நிற்கிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள். பிறகு கரண்டைத் திரும்பக் கொடுத்து, டிஸ்க்கின் பெண்டிங் செக்டர் எண் இன்னும் பூஜ்யமா என்று பாருங்கள். செக்கிங் வாரண்டி முடிவதற்குள் இதை இரண்டு முறை செய்துவிடுங்கள்.